மரை வழுக்கும் முன்னே

  இலங்கையின் ஊவா மலைநாட்டில், கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோர்கள் எனப்படும் தொழிற்சாலைகளில், கொழுந்தை உருட்டும் ரோலரும் உலர்த்தும் அடுப்பும் ஓடுவது போல்ட்டுகளின் பிடியில். அந்தப் பிடிக்கு ஒரு கணக்கு உண்டு.

ரோலரின் மேசை நாள் முழுக்க ஆடிச் சுழலும். அந்த அதிர்வில் போல்ட் தளரும். ஸ்பேனரைப் போட்டு இறுக்கும்போது கையில் கனம் ஏறிக்கொண்டே வரவேண்டும். ஏறிய கனம் சட்டென இறங்கி, போல்ட் மெத்தென்று சுற்றினால், திருகுப் பற்களான மரை அறுந்துவிட்டது. அறுந்த மரை வெளியே தெரியாது. தலை இருந்த இடத்திலேயே இருக்கும், பிடி மட்டும் போயிருக்கும். போல்ட் உடைந்தாலோ உடனே தெரியும், மாற்றிவிடலாம். ஆகவே மரை அறுவதற்கு முன் போல்ட் உடைய வேண்டும் என்பதே வடிவமைப்பின் முதல் விதி.

10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை எடுப்போம். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுவை தாங்கும். மரைப் பள்ளம் போக மிஞ்சும் குறுக்குப் பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். பெருக்கினால் 46,400 நியூட்டன். ஏறக்குறைய நாலே முக்கால் டன்.

இனி மரை. அது அறுவது ஒரு குழாய்ச் சுவர் போன்ற வட்டப் பரப்பில். அந்தச் சுவரில் பாதி போல்ட்டின் பல்லுக்கும் பாதி நட்டின் பல்லுக்கும் என்று வைத்தால், ஒவ்வொரு மில்லிமீட்டர் ஆழத்துக்கும் சுமார் 14 சதுர மில்லிமீட்டர் கிடைக்கும். உலோகத்தை அறுக்க, அதன் இழுவை வலிமையில் ஏறத்தாழ 60 சதவீதம் போதும். சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் வலிமையுள்ள சாதாரண இரும்பில் துளையிட்டு மரை வெட்டினால், மில்லிமீட்டருக்கு 3,360 நியூட்டன் தாங்கும். போல்ட்டை வெல்ல 14 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். வலிமை 200 உள்ள அலுமினிய வார்ப்பில் அதுவே 28 மில்லிமீட்டர். போல்ட்டுக்கு நிகரான உறுதியுள்ள நட்டில் 7 மில்லிமீட்டர் போதும். கடையில் வாங்கும் 10 மில்லிமீட்டர் நட்டின் தடிமன் 8 மில்லிமீட்டர் அளவில் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

ஆழத்தை இதற்கு மேல் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பயனில்லை. சுமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை முதல் மரையே ஏற்கிறது. உள்ளே போகப்போகப் பங்கு சுருங்கும்.

மலைநாட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய இயந்திரங்களில் பல பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்தவை. அவற்றின் போல்ட்டுகளில் இருப்பது பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த மரை; அதன் பல்லின் கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரையில் அது 60 பாகை. அரை அங்குல விட்வொர்த் மரையில் அங்குலத்துக்கு 12 சுற்று. 12 மில்லிமீட்டர் மெட்ரிக்கில் பதினான்கரை. விட்வொர்த் நட்டை மெட்ரிக் போல்ட்டில் போட்டால் ஓரிரு சுற்று ஏறி இறுகும். பொருந்திவிட்டதென்று கை நம்பும். உள்ளே பற்கள் நுனியில் மட்டும் கவ்வியிருக்கும். மேலே போட்ட கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

மரை அளக்கும் சீப்பு ஒன்று பட்டறையில் இருந்தால் இந்தத் தவறு நேராது. அதன் பல்லைப் போல்ட்டில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடையில் ஒளிக்கீற்று தெரியாவிட்டால் மரை அதுதான். அப்புறம் ஸ்பேனரை எடுக்கலாம்.