வாசிப்பிடர்ப்பட்ட மாணாக்கர்

சோளகக் காற்றின் வரவை முன்னறிந்துரைக்கும் நெடுந்தீவுச் சிறுவனொருவன், 'சோளகம்' என்னுஞ் சொல்லைப் புத்தகத்திற் கண்டு மயங்குவானாயின், 'மொக்கு' என இகழப்படுகின்றான். கணக்கில் வல்லவனாயிருந்தும் வாசிக்கமாட்டாத 14 வயதுச் சிறுவனைப்பற்றிப் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர் 1896ஆம் ஆண்டிலேயே எழுதினார். டிஸ்லெக்சியா எனப்படும் இவ்விடர் அறிவுக்குறைவன்று. சொல்லின் ஒலிகளைப் பகுத்து எழுத்தோடு இயைத்தலில் நேரும் இடர்ப்பாடேயாம்.

'சோ' என்பதில் ஓகாரக்குறி சகரத்தின் இருமருங்கும் பிரிந்து நிற்கின்றது. முதலில் ஒலிப்பதோ நடுநின்ற எழுத்து. ஊர்காவற்றுறை என்னும் பெயரிலோ, 'ற்று' என்புழியும் 'றை' என்புழியும் ஒரே றகரம் வெவ்வேறாக ஒலிக்கின்றது. பழகியோர் இவற்றை உணர்வதேயில்லை.

ஏடுதொடக்கும் நாளில் அரிசியில் விரலால் எழுதுவித்து வாயாற் சொல்லுவித்தல் நம்மவர் வழக்கு. கண்ணுஞ் செவியுங் கையும் ஒருங்கு தொழிற்படும் இம்முறையையே சிறப்பாசிரியர் இன்று மணலிற் கையாளுகின்றனர். நம் வீடுகளில் அஃது ஒருநாட் சடங்கோடு ஒழிகின்றது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிலோ, அச்சிறுவன் வினாவை வாசித்து முடிக்குமுன் மணி ஒலித்துவிடுகின்றது.