ஸ்டீராய்டு காலத்துப் பிடிவாதம்

நெஃப்ராடிக் சிண்ட்ரோம் வந்த குழந்தைக்குக் காலையில் கண் இமை வீங்கியிருக்கும், சிறுநீர் நுரைக்கும். உடம்புக்கு வேண்டிய புரதம் சிறுநீரகம் வழியாக ஒழுகிப்போவதுதான் காரணம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிடும். ஆனால் அதே வாரங்களில் வீட்டில் வேறொரு தொல்லை கிளம்பும். சாதுவாக இருந்த இரண்டு மூன்று வயதுப் பிள்ளை அடிக்கும், கடிக்கும், தட்டை எறியும், நள்ளிரவில் எழுந்து சோறு கேட்டு அலறும்.

“செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க” என்பார்கள் உறவினர்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், தூக்கத்தைக் கலைக்கும், எரிச்சலைக் கூட்டும். நோய் முதன்முறை வரும்போது வழக்கமாக 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாளும் மருந்து தருவார்கள். அளவு குறையக் குறையப் பழைய குணம் திரும்பும்.

அதுவரை பொறுக்க முடியாமல் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் இரவுத் தூக்கம் ஓரளவு தப்பும். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பல சண்டைகளுக்கு மூலம் பசிதான். ஆனால் மருத்துவர்கள் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். ஆகவே சிப்ஸ், அப்பளம், ஊறுகாய் பிள்ளை கண்ணில் படவே வேண்டாம். அழுவதற்கு முன்பே இட்லி, வெள்ளரி, மசித்த பயறு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அலறிய பிறகு பிஸ்கட்டை நீட்டினால், அலறினால் கிடைக்கும் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

அடிக்க வந்தால் கையைப் பிடித்து, “அடிக்கக் கூடாது, வலிக்கும்” என்று ஒருமுறை சொன்னால் போதும். திருப்பி அடிக்காதீர்கள். நோயாளிப் பிள்ளை என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். அம்மா மறுத்ததைப் பாட்டி கொடுத்தால் மறுநாள் கூச்சல் இரட்டிப்பாகும். அடங்கியதும் மடியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்ப் புரதம் குறிக்கிற நோட்டிலேயே தூக்கத்தையும் கோபத்தையும் ஒரு வரி எழுதிவையுங்கள். மருந்துள்ள நாளுக்கும் இல்லாத நாளுக்கும் வித்தியாசம் இருந்தால் மருத்துவருக்கு அது நல்ல துப்பு.

ஆனால் எல்லாச் சிணுங்கலையும் மருந்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி, அசாதாரணச் சோர்வு இருந்தால் வயிற்றுக்குள் தொற்று இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்; ஸ்டீராய்டு எடுக்கிற குழந்தை என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.