உயர்ரக டர்ன்டேபிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஊசியைப் பாருங்கள்

வினைல் இசைத்தட்டுகளை வீட்டில் கேட்டுவருவோர், ஒரு கட்டத்தில் தொடக்கநிலை டர்ன்டேபிளை மாற்றி உயர்ரகக் கருவி வாங்க விரும்புவது இயல்பு. லட்சக்கணக்கில் செலவாகக்கூடிய இம்முடிவில் மோட்டாரும் தோற்றமுமே பெரும்பாலும் முதலில் கவனிக்கப்படுகின்றன. ஆனால், தட்டின் வரிப்பள்ளத்திலிருந்து இசையை எடுப்பது ஊசியே. அதைக் கருத்தில் கொள்ளாவிட்டால் பணம் வீணாவதுடன், மீண்டும் கிடைக்காத தட்டுகளும் பழுதாகக்கூடும்.

ஊசியின் ஆயுள்

வைர ஊசியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம் எனக் கணக்கிடப்படுகிறது. நாள்தோறும் 2 மணி நேரம் கேட்பவருக்கு 500 மணி நேரம் சுமார் 8 மாதங்களில் முடிந்துவிடும். தேய்ந்த ஊசி வரிப்பள்ளத்தைச் சிதைக்கும். அந்தச் சேதத்தைச் சரிசெய்ய இயலாது. தட்டின் கடைசிப் பாடலில் 'ச', 'ஷ' போன்ற ஒலிகள் சிதறிக் கேட்டால், ஊசி தேய்ந்திருக்கலாம் அல்லது அது பொருத்தப்பட்ட கோணம் பிசகியிருக்கலாம்.

ஊசியின் அழுத்தமும் முக்கியம். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு இது 2 கிராம் அளவில் இருக்கும். அழுத்தம் குறைந்தால் தட்டுக்குப் பாதுகாப்பு என்பது தவறான எண்ணம். மிகக் குறைந்த அழுத்தத்தில் ஊசி துள்ளி, வரிப்பள்ளத்தின் சுவரில் மோதிச் சேதப்படுத்தும்.

ஆம்ப்ளிஃபையர் பொருந்துமா?

கார்ட்ரிட்ஜ்களில் இரு முக்கிய வகைகள் உள்ளன. காந்தம் அசையும் எம்எம் வகை, ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் தருகிறது. கம்பிச்சுருள் அசையும் எம்சி வகை பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கையே தருகிறது. எனவே எம்சி வகைக்கு மாறுவோர், அதற்கேற்ற ஃபோனோ ஆம்ப்ளிஃபையரின் செலவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

மோட்டாரும் மின்சாரமும்

டெக்னிக்ஸ் நிறுவனம் 1972-ல் அறிமுகப்படுத்திய எஸ்எல்-1200, மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும் வகையைச் சேர்ந்தது. 2010-ல் நிறுத்தப்பட்ட இதன் உற்பத்தி 2016-ல் மீண்டும் தொடங்கியது. பிரிட்டனின் ரேகா, லின் நிறுவனங்கள் பெல்ட் முறைக்குப் பெயர் பெற்றவை. நேரடி முறையில் வேகம் விரைவாக நிலைபெறும். பெல்ட் முறையில் மோட்டாரின் அதிர்வு தட்டை எட்டுவது குறையும், ஆனால் பெல்ட்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். லின் எல்பி12 கருவியின் பாகங்களைப் படிப்படியாக மேம்படுத்திக்கொள்ள முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவிலிருந்து பழைய கருவியைத் தருவிப்போர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். அங்கு மின்சாரத்தின் அலைவெண் 60 ஹெர்ட்ஸ். இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். அலைவெண்ணைச் சார்ந்து ஓடும் மோட்டாராக இருந்தால், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டு இங்கு சுமார் 28 முறையே சுழலும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இக்குறையைத் தீர்க்காது. மோட்டாரின் கப்பியை மாற்ற வேண்டும்.

பரம்பரைத் தட்டுகள்

கொல்கத்தாவின் சியால்தாவில் 1908-ல் இசைத்தட்டு ஆலை தொடங்கப்பட்டது. அங்கும் பின்னர் டம்டம்மிலும் உருவான தட்டுகள் நாடெங்கும் வீடுகளைச் சென்றடைந்தன. 1960-களிலும் இந்தியாவில் 78 வேகத் தட்டுகள் வெளிவந்தன. அரக்குக் கலவையாலான இத்தட்டுகளின் வரிப்பள்ளம் அகலமானது; இதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனை ஆரமுள்ள ஊசி தேவை. எல்பி தட்டுக்கான உருண்டைமுனை ஊசியில் இது சுமார் 18 மைக்ரான் மட்டுமே. ஒன்றுக்கான ஊசியை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

உயர்ரகக் கருவிகள் பலவற்றில் 78 வேகம் இல்லை. எஸ்எல்-1200 வரிசையிலேயே பழைய எம்கே2 மாதிரியில் அவ்வசதி கிடையாது; 2019-ல் வந்த எம்கே7 மாதிரியில் உண்டு. தாத்தா, பாட்டி காலத் தட்டுகளை வைத்திருப்போர் வேகத்தையும், ஊசியை எளிதில் மாற்றும் வசதியையும் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

எதற்குப் பிறகு எது?

தட்டுகளைத் தூய்மை செய்தல், ஊசியையும் அதன் அழுத்தத்தையும் சரிபார்த்தல், கருவியை ஆட்டமில்லாத சமதளத்தில் வைத்தல் ஆகியவற்றுக்குச் செலவு குறைவு. அடுத்து கார்ட்ரிட்ஜையும் ஃபோனோ ஆம்ப்ளிஃபையரையும் மேம்படுத்தலாம். இவற்றுக்குப் பிறகும் வேகம் நிலையின்றி இருந்தாலோ, மோட்டாரின் இரைச்சல் கேட்டாலோ புதிய டர்ன்டேபிள் வாங்குவது பொருத்தமாக இருக்கும்.