ஹீட் பம்ப் வாங்கலாமா? எக்ஸெல்லிடம் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் சில வாரங்களில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படம் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம். வீட்டுக்கு உபயோகமாக இதில் வேறு என்ன செய்யலாம்?" என்பதுதான் அது. ஒரு லட்ச ரூபாய் செலவைச் செய்யலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க கம்ப்யூட்டர் உதவும் என்றால் நம்புவீர்களா? எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், இரண்டில் ஒன்று உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் போதும். அரை மணி நேரத்தில் கணக்கைப் போட்டுவிடலாம்.

கோவையில் உள்ள எங்கள் வீட்டைச் சென்ற ஆண்டு புதுப்பித்தோம். பழைய கீசர்கள் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர் ஒருவர், "கீசர் எதற்கு சார்? ஹீட் பம்ப் போடுங்கள். மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம்" என்றார். 200 லிட்டர் மெஷினுக்குக் குழாய் வேலையும் சேர்த்து 1,10,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் தந்தார். அப்பாவின் ஓய்வூதியப் பணத்திலிருந்து தர வேண்டிய தொகை என்பதால், சரி என்று சொல்லும் முன் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

ஹீட் பம்ப் என்றால் என்ன?

உங்கள் வீட்டு பிரிட்ஜின் பின்புறத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதுதான் பிரிட்ஜின் வேலை. ஹீட் பம்ப் வெளிக் காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் சேர்க்கிறது. இந்த யோசனை புதிதல்ல. கெல்வின் பிரபு 1852-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார்.

கீசரில் ஒரு யூனிட் மின்சாரம் செலவானால் ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். ஹீட் பம்ப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். கூடுதலாக வருவது காற்றின் வெப்பம். இந்த மூன்று என்ற எண்ணைத் திறன் எண் என்று வைத்துக்கொள்வோம். ஆகவே கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் எதில் மூன்றில் இரண்டு பங்கு என்பதை அவர் சொல்லவில்லை. அது ஒவ்வொரு வீட்டிலும் வேறுபடும்.

ஒர்க்ஷீட் தயாரிப்போம்

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். ஏ நெட்டு வரிசையில் விபரங்களையும், பி நெட்டு வரிசையில் எண்களையும் டைப் செய்திடுங்கள்.

பி1: ஒரு நாளைக்குத் தேவையான வெந்நீர் (லிட்டர்) – 210
பி2: குழாய்த் தண்ணீரின் வெப்பநிலை – 25
பி3: குளிக்கும் தண்ணீரின் வெப்பநிலை – 40
பி4: ஆண்டில் வெந்நீர் பயன்படுத்தும் நாட்கள் – 300
பி5: ஒரு யூனிட் கட்டணம் (ரூபாய்) – 9
பி6: திறன் எண் – 3
பி7: ஹீட் பம்ப் மொத்தச் செலவு – 110000
பி8: கீசர்களின் செலவு – 20000

எங்கள் வீட்டில் ஏழு பேர். ஆளுக்கு ஒன்றரை வாளி, அதாவது 30 லிட்டர். அதனால்தான் 210. பி7-ல் மெஷின் விலையை மட்டும் போடாதீர்கள். வெப்பம் வீணாகாத குழாய், பிளம்பர் கூலி, மின் இணைப்பு, வரி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பார்முலாக்கள். பி என்பதை ஆங்கில எழுத்தில் டைப் செய்திட வேண்டும்.

பி10: =பி1*(பி3-பி2)/860
பி11: =பி10/பி6
பி12: =(பி10-பி11)*பி4*பி5
பி13: =(பி7-பி8)/பி12

860 எங்கிருந்து வந்தது? ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.186 கிலோ ஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோ ஜூல். வகுத்துப் பாருங்கள், 860 வரும். அதாவது ஒரு யூனிட்டில் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கலாம்.

பி10-ல் கீசரின் தினசரிச் செலவு 3.66 யூனிட் என்று கிடைக்கும். பி11-ல் ஹீட் பம்ப்பின் செலவு 1.22 யூனிட். பி12 ஆண்டு மிச்சம், சுமார் 6,590 ரூபாய். பி13-ல் கூடுதலாகப் போடும் 90,000 ரூபாய் திரும்பி வர ஆகும் காலம் தெரியும்: 13.65 ஆண்டுகள்!

மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் என்று கேட்டபோது பெரிதாகத் தெரிந்தது, ரூபாயில் மாதத்திற்கு 550 கூட இல்லை. மெஷினின் வாரண்டி அட்டையில் எத்தனை ஆண்டுகள் என்று பாருங்கள். முதலைத் திருப்பி எடுக்கும் முன்பே வாரண்டி முடிந்துவிட்டால், இடையில் வரும் ரிப்பேர் செலவும் நம் தலையில்தான்.

யூனிட் விலையை எப்படிப் போடுவது?

மின் கட்டணத்தைச் சராசரியாகப் பிரித்துப் போடாதீர்கள். மிச்சமாகும் யூனிட்டுகள் உங்கள் பில்லின் மேல் படியிலிருந்துதான் குறையும். உதாரணமாக 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணப்படி, வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் தருவதோடு, கீழ்ப் படியிலும் 225 ரூபாய் கூடிவிடும். அதன் பிறகு கட்டணம் திருத்தப்பட்டுள்ளது. எனவே உங்கள் கடைசி பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, மேல் படியின் விலையைப் பி5-ல் போடுங்கள். எங்கள் பில் 500-ஐத் தாண்டுவது வழக்கம் என்பதால், படி இறங்கும் லாபத்தையும் சேர்த்து 9 ரூபாய் என்று வைத்தேன்.

ஊட்டியில் விடை வேறு

இதே ஒர்க்ஷீட்டில் எண்களை மாற்றிப் பார்ப்போம். ஊட்டியில் அறைகளை வாடகைக்கு விடும் ஒரு வீடு. தினமும் 12 பேர், ஷவரில் ஆளுக்கு 50 லிட்டர். பி1-ல் 600. குழாய்த் தண்ணீர் 15 டிகிரி. குளிர்க் காற்றிலிருந்து வெப்பம் எடுப்பது கடினம் என்பதால் திறன் எண் 2.5. யூனிட் 10 ரூபாய். பெரிய மெஷினுக்கு 1,80,000 ரூபாய், மூன்று கீசர்களுக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்டர் தட்டினால் ஆண்டு மிச்சம் ஏறத்தாழ 31,400 ரூபாய் என்றும், போட்ட பணம் திரும்ப 4.6 ஆண்டுகள் என்றும் வரும். அங்கே ஹீட் பம்ப் தாராளமாக வாங்கலாம்.

கோல் சீக் என்னும் குறுக்கு வழி

ஆறு ஆண்டுகளில் பணம் திரும்ப வேண்டுமானால் எங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் செலவாக வேண்டும்? எண்களை மாற்றி மாற்றிப் போட வேண்டாம். எக்ஸெல்லில் டேட்டா டேப்பில் வாட்-இப் அனாலிசிஸ் என்பதில் கோல் சீக் உள்ளது. கால்க்கில் டூல்ஸ் மெனுவில் இருக்கும். விடை வர வேண்டிய செல் பி13, மதிப்பு 6, மாற்ற வேண்டிய செல் பி1 என்று கொடுத்து ஓகே க்ளிக் செய்திடுங்கள். சுமார் 478 லிட்டர் என்று வரும். வாளியில் குளித்தால் 16 பேர் வேண்டும்! ஆளுக்கு 70 லிட்டர் செலவாகும்படி ஷவரில் நின்றால் எங்கள் ஏழு பேரே போதும். குளிக்கும் பழக்கம் மாறினால் விடையும் மாறிவிடுகிறது.

கடையில் கேட்க வேண்டியவை

1. திறன் எண் எந்தக் காற்று வெப்பநிலையில், எத்தனை டிகிரி தண்ணீருக்குச் சொல்லப்பட்டது? தண்ணீர் சூடாகச் சூடாகத் திறன் குறையும்.

2. தொட்டி நிறையச் சூடாக எவ்வளவு நேரம்? 750 வாட் மெஷின், திறன் எண் 3 என்றால், 200 லிட்டரை 25 டிகிரி உயர்த்த இரண்டரை மணி நேரத்திற்கு மேல் ஆகும். 2,000 வாட் கீசர் 25 லிட்டரை 22 நிமிடத்தில் அதே அளவு சூடாக்கிவிடும்.

3. எங்கே வைப்பது? காற்றோட்டம் வேண்டும். சத்தம் வரும். படுக்கையறை ஜன்னலுக்கு அருகில் வேண்டாம்.

4. போர்வெல் தண்ணீரா? உப்பு படியும். தொட்டி அரிக்காமல் காக்கும் மக்னீசியத் தண்டு இருக்கிறதா, அதை மாற்ற எவ்வளவு என்று கேளுங்கள்.

சோலாரையும் மறக்காதீர்கள்

சொந்த மொட்டை மாடி உள்ளவர்கள் இன்னொரு ஷீட்டில் சோலார் ஹீட்டருக்கும் கணக்குப் போடுங்கள். எங்களுக்கு 200 லிட்டர் சோலார் 40,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மேகமூட்டமான நாட்களுக்கு 10,000 ரூபாயில் ஒரு கீசர். இரண்டு கீசர்களுக்கு ஆகும் 20,000-ஐக் கழித்தால் கூடுதல் செலவு 30,000. ஆண்டில் 250 நாட்கள் வெயில் கைகொடுத்தால் சுமார் 8,240 ரூபாய் மிச்சம். மூன்றரை ஆண்டுகள் கடந்ததும் போட்ட பணம் வந்துவிடும். அப்பாவிடம் இந்த ஷீட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் சோலாருக்குச் சம்மதித்தார். மாடி உரிமை இல்லாத அடுக்குமாடி வீட்டில் இந்த வழி கிடையாது. அங்கே கீசரையும் ஹீட் பம்ப்பையும் மட்டும் ஒப்பிட்டால் போதும்.

நாளை காலை குளிக்கும்போது எத்தனை வாளி செலவாகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணைப் பி1-ல் போட்டு, பைலை சேவ் செய்து வையுங்கள். கொட்டேஷனோடு யார் வந்தாலும் பி7-ஐ மட்டும் மாற்றினால் போதும், பதில் திரையில் வந்துவிடும்.