கணினி வன்பொருள் மேம்படுத்தல்

கணினி வன்பொருள் மேம்படுத்தல் என்பது பயன்பாட்டில் உள்ள கணினியின் சில உறுப்புகளை மட்டும் மாற்றியோ புதிதாகச் சேர்த்தோ அதன் செயற்திறனை உயர்த்துவதாகும். குறைந்த விலையில் வாங்கப்பட்ட பழைய மேசைக்கணினிகளை நிகழ்பட ஆட்டங்களுக்கும் நிகழ்படத் தொகுப்புக்கும் ஏற்றவையாக மாற்ற இம்முறை பயன்படுகிறது. கணினியின் வேகத்தை மட்டுப்படுத்தும் உறுப்பு எது என்று அறிவதும், அதற்கு மாற்றாக வாங்கும் உறுப்பைத் தாய்ப்பலகை ஏற்குமா என்று அறிவதும் இதன் முதற்படிகளாகும்.

ஆட்டமும் தொகுப்பும்

இவ்விரு பணிகளும் கணினியின் வெவ்வேறு உறுப்புகளைச் சார்ந்துள்ளன. நொடிக்கு 60 சட்டங்கள் காட்டும் ஆட்டத்தில், ஒவ்வொரு சட்டமும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிகளுக்குள் உருவாக வேண்டும். பொருள்களின் அசைவைச் செயலி கணிக்கிறது; காட்சியை வரைகலை அட்டை வரைகிறது.

நிகழ்படத் தொகுப்பில் சுருக்கப்பட்ட கோப்பை விரித்தல், விளைவுகளைச் சேர்த்தல், மீண்டும் குறியாக்குதல் ஆகிய மூன்று வேலைகள் உள்ளன. எச்.264 போன்ற வடிவங்களில் பெரும்பாலான சட்டங்கள் முழுப்படங்களாக இல்லாமல், அண்மைச் சட்டங்களிலிருந்து உள்ள வேறுபாடுகளாகவே பதியப்படுகின்றன. ஒரு சட்டத்தைக் காட்ட வேறு பல சட்டங்களையும் விரிக்க வேண்டியிருப்பதால், பழைய கணினிகளில் காட்சி தடைப்பட்டு ஓடுகிறது. கூடுதல் உள்ளகங்கள் கொண்ட செயலியும், விரித்தலுக்கென அமைந்த தனிச்சுற்றும் இக்குறையைப் போக்கும்.

தடையைக் கண்டறிதல்

விண்டோசின் பணி மேலாளரைத் திறந்து வைத்து வழக்கமான வேலையைச் செய்தால் தடை பெரும்பாலும் புலப்படும்.

* வரைகலை அட்டையின் பயன்பாடு 100 விழுக்காட்டை ஒட்டி நின்றால் அதுவே தடையாகும்.
* ஆட்டத்தின் படத்தெளிவைக் குறைத்தும் சட்ட வேகம் உயராவிட்டால் பெரும்பாலும் செயலியே தடையாகும். ஒரே உள்ளகம் முழுச்சுமையில் இருக்கும்போதும் செயலியின் மொத்த விழுக்காடு குறைவாகத் தோன்றலாம்.
* நினைவகம் நிரம்பி, வட்டு ஓயாது இயங்கினால் நினைவகம் போதவில்லை எனலாம்.

நினைவகமும் வட்டும்

இவ்விரண்டையும் மாற்றுவது எளிது. விலை குறைந்த கணினிகள் பலவற்றில் ஒரே நினைவகப் பலகை மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். டி.டி.ஆர்4-2400 வகையில் ஒரு தடத்தின் உச்ச வேகம் நொடிக்கு 19.2 கிகாபைட்டு ஆகும். இணையான மற்றொரு பலகையை உரிய இடத்தில் சேர்த்தால் அது 38.4 ஆகிறது. தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகளில் காட்சிக்கும் இதே நினைவகமே பயன்படுவதால் பலன் மிகுதி. நிகழ்படத் தொகுப்புக்கு 16 கிகாபைட்டு பொருத்தமான தொடக்க அளவாகும்.

சுழலும் வன்தட்டுக்குப் பதில் திண்மநிலை வட்டைப் பொருத்தினால் கணினி விரைந்து தொடங்கும். கோப்புகள் விரைந்து திறக்கும். ஆனால் ஆட்டத்தின் சட்ட வேகம் இதனால் பெரிதாக உயர்வதில்லை.

வரைகலை அட்டையும் மின்வழங்கியும்

தாய்ப்பலகையின் பி.சி.ஐ. எக்சுபிரசு செருகுவாய் தரக்கூடிய மின்திறன் 75 வாட்டு மட்டுமே. 2016 இல் வெளிவந்த ஜி.டி.எக்சு 1050 டி.ஐ. இவ்வெல்லைக்குள் அடங்கும். 2021 இல் வெளிவந்த ஆர்.டி.எக்சு 3060 அட்டைக்கு 170 வாட்டு வேண்டும்; எனவே மின்வழங்கியிலிருந்து தனி இணைப்பு தேவை. சில நிறுவனக் கணினிகளின் மின்வழங்கிகள் பொதுத் தரத்துக்கு மாறான அளவும் இணைப்பும் கொண்டவை என்பதால், அட்டையை வாங்குமுன் இதனைச் சரிபார்க்க வேண்டும்.

விலையை மட்டும் நோக்குவதும் போதாது. 2022 இல் வெளிவந்த ஆர்.எக்சு 6500 எக்சு.டி. நான்கு தடங்கள் மட்டுமே கொண்டது. மூன்றாம் தலைமுறைச் செருகுவாயில் அதன் தரவு வேகம் பாதியாகிறது. நிகழ்படத்தைக் குறியாக்கும் தனிச்சுற்றும் அதில் இல்லை. ஆகவே தொகுப்புப் பணிக்கு அது ஏற்றதன்று.

செயலியும் தாய்ப்பலகையும்

செயலியை மாற்ற இயலுமா என்பதைத் தாய்ப்பலகையே முடிவு செய்கிறது. பொருத்துவாய் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. இன்டெலின் எல்.ஜி.ஏ. 1151 பொருத்துவாய் 2015 இல் அறிமுகமானது. 2017 இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகளும் அதே பெயர் கொண்ட பொருத்துவாயையே பயன்படுத்தின. எனினும் அவற்றுக்கு 300 வரிசைச் சில்லுத்தொகுதி தேவைப்பட்டது. எனவே 100, 200 வரிசைப் பலகைகள் நான்கு உள்ளகங்கள் கொண்ட ஏழாம் தலைமுறையுடன் நின்றுவிடுகின்றன.

ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பொருத்துவாய்க்கு ஆயுள் நீண்டது. 2017 இல் ரைசன் 3 1200 செயலியுடன் வாங்கிய கணினியில், தாய்ப்பலகை நிறுவனம் உரிய பயாசு இற்றைப்படுத்தலை வழங்கியிருந்தால், 2022 இல் வெளிவந்த ஆறு உள்ளகங்கள் கொண்ட ரைசன் 5 5600 செயலியைப் பொருத்தலாம். அதே பொருத்துவாயில், 96 மெகாபைட்டு மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் கொண்ட 5800எக்சு3டி ஆட்டங்களுக்கும், பன்னிரண்டு உள்ளகங்கள் கொண்ட 5900எக்சு தொகுப்புக்கும் ஏற்றவை. பழைய செயலி இருக்கும்போதே பயாசை இற்றைப்படுத்த வேண்டும். அவ்வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் பலகை பழுதாகக்கூடும்.

இயங்குதளம்

விண்டோசு 10 இன் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோசு 11 இன் ஆதரவுப் பட்டியலில், சில விலக்குகள் தவிர, இன்டெலின் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் மட்டுமே உள்ளன. ரைசன் 1000 வரிசையும் அதில் இல்லை. இதனால் மேற்கண்ட ஏ.எம்.4 கணினி புதிய செயலியுடன் ஆதரவைப் பெறுகிறது. ஆனால் பழைய எல்.ஜி.ஏ. 1151 கணினியில் ஐ7-7700 செயலியைப் பொருத்தினாலும் அந்த ஆதரவு கிட்டாது. அத்தகைய கணினிகளில் லினக்சை நிறுவி கேடென்லைவ் கொண்டு நிகழ்படம் தொகுக்கலாம். புரோட்டான் வழியாக விண்டோசு ஆட்டங்கள் பலவற்றை இயக்கலாம். எனினும் ஏமாற்றுத்தடுப்பு மென்பொருள் கொண்ட சில இணையவழி ஆட்டங்கள் இயங்குவதில்லை.

செலவற்ற வழிகளும் எல்லையும்

தொகுப்பு மென்பொருள்களில் பதிலிக் கோப்புகளை உருவாக்கும் வசதி உண்டு. தெளிவு குறைந்த படிகளைக் கொண்டு தொகுத்து, இறுதியில் மூலக்கோப்புகளிலிருந்து வெளியிடுவதே இம்முறை. தூசியை அகற்றி வெப்பக்களிம்பை மாற்றினால், வெப்பத்தால் வேகம் குறைந்த செயலி தன் இயல்பு நிலைக்குத் திரும்பும்.

தாய்ப்பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி ஆகிய நான்கையும் ஒருங்கே மாற்ற நேர்ந்தால் அது ஏறக்குறைய புதிய கணினியே ஆகும். அந்நிலையில் பழையதற்குச் செலவிடுவதைத் தவிர்ப்பது நன்று. திண்மநிலை வட்டு, வரைகலை அட்டை போன்றவற்றைப் பின்னர் புதிய கணினிக்கும் பயன்படுத்த இயலும் என்பதால், ஐயமுள்ளபோது அவற்றையே முதலில் வாங்குவது இழப்பைக் குறைக்கும்.

இவற்றையும் பார்க்க

* தாய்ப்பலகை
* வரைகலை அட்டை
* திண்மநிலை வட்டு