பந்து சோறு போடுமா?

“நாள் முழுக்கப் பந்தை உதைத்துக்கொண்டு திரிந்தால் பானையில் சோறு வேகுமா மகன்?”

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ள விசுவமடுவில், பொழுது சாயும் நேரம் புழுதிக் காலோடு வாசலில் வந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து ஒரு தாய் இப்படிக் கேட்டால் அதில் பிழை சொல்ல முடியாது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு வெறுங்கையோடு ஊர் திரும்பி, தோட்டம் கொத்தியும் கோழி வளர்த்தும் தனி ஆளாகக் குடும்பத்தை நிமிர்த்திய பெண்கள் வன்னியில் அநேகம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிள்ளை வளர்த்த நம் உம்மாமாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. கேள்வியில் இருப்பது கோபமல்ல, பயம். ‘நான் கண்ணை மூடிய பிறகு இவன் எதை வைத்துப் பிழைப்பான்?’ என்ற பயம்.

சகோதரிகளே, இதற்கு ‘போடும்’ என்றோ ‘போடாது’ என்றோ ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஆனால் இதே பயத்தோடு மகனை வளர்த்த ஒரு தாயின் கதை உண்டு. மகன் பெயர் ஐ.எம். விஜயன். இந்திய உதைபந்தாட்டத்தில் எதிரணியின் கோல் கம்பத்தைக் குறிவைத்து ஓடிய முன்கள வீரர்களில் தலைசிறந்தவர் என்று பேசப்படுபவர். ‘திமிரு’ என்ற தமிழ்ப் படத்தில் பார்த்தவர்கள் முகத்தைச் சொன்னால் உடனே கண்டுபிடிப்பார்கள். அந்தப் படக் கதை நமக்கு இங்கே வேண்டாம்.

1969 ஏப்ரல் 25 இல் கேரளத்தின் திருச்சூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை விபத்தில் இழந்தார். தாய் கொச்சம்மு கூலி வேலை செய்தும், பழைய சாமான் பொறுக்கி விற்றும் அடுப்பெரித்தார். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. திருச்சூர் நகரசபை மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில் சோடாப் போத்தல் தூக்கி விற்றான். ஒரு போத்தலுக்குக் கூலி 10 பைசா. சோடா விற்றபடியே ஆட்டத்தைக் கண்ணால் படித்தான் என்று சொல்ல வேண்டும். பார்த்ததை வெறுங்காலோடு மண்ணில் செய்து பார்த்தான்.

பிள்ளையின் காலில் இருந்த திறமையைப் பெரியவர்கள் கண்டுகொண்டார்கள். பயிற்றுநர் டி.கே. சாத்துண்ணியின் முகாமில் முறையான பயிற்சி கிடைத்தது. 17 வயதில் கேரளப் பொலிஸ் அணிக்குத் தேர்வானார். நான் இந்தக் கதையில் மற்ற எதையும்விட இந்த இடத்தையே பெரிதாக நினைக்கிறேன். ஏனென்றால் அந்தத் தேர்வின் பின்னால் பொலிஸ் வேலையும் வந்தது. மாதச் சம்பளம் வீட்டுக்கு வரத் தொடங்கியது. அந்தத் தாய்க்கு மகன் அடித்த கோல்களைவிட இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பொலிஸ் அணி சாதாரண அணியல்ல. வி.பி. சத்யன், மலப்புறம் மாவட்டத்து ஷரபலி, பாப்பச்சன் என்று பெரும் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். 1990 இலும் 1991 இலும் இந்தியாவின் பெடரேஷன் கிண்ணத்தை அடுத்தடுத்து வென்றது. பிறகு கொல்கத்தாவின் பெரிய கழகங்கள் விஜயனைக் கூப்பிட்டன. மோகன் பகான், பஞ்சாபின் ஜே.சி.ரி., எப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால், கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் என்று கழகம் விட்டுக் கழகம் மாறினார். ஜே.சி.ரி. 1996–97 இல் இந்தியாவின் முதலாவது தேசிய லீக்கை வென்றது. இந்திய அணிக்காகச் சுமார் 30 கோல்கள். 1999 இல் காத்மண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 12 வினாடிகளில் ஒரு கோல்! இந்தியாவின் சிறந்த வீரர் என்ற பட்டம் 1993, 1997, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவருக்கே. 2003 இல் அர்ஜுனா விருது, 2025 இல் பத்மஸ்ரீ.

இவ்வளவும் சரி. இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

முன்கள வீரரின் பிழைப்பு குறுகிய பிழைப்பு. எதிரணியின் உதை எல்லாம் அவர் காலுக்குத்தான். 35 வயதைத் தாண்டி ஓடுவது அபூர்வம். கோல் விழாத பருவத்தில் அடுத்த ஒப்பந்தம் கிடைப்பதே சந்தேகம். கழகங்களும் நிலைப்பதில்லை. எப்.சி. கொச்சின் பெரும் ஆரவாரத்தோடு 1997 இல் தொடங்கி, சில ஆண்டுகளில் சம்பளம் கொடுக்க முடியாமல் நொடிந்து போனது. ஜே.சி.ரி. 2011 இல் அணியைக் கலைத்துவிட்டது. விஜயனுக்குப் பெயரும் புகழும் கொடுத்த அந்தக் கழகங்கள் இல்லாமல் போயின, பொலிஸ் இருந்தது. 2006 இல் ஆட்டத்தை நிறுத்தியவர் பின்னாளில் அதே கேரளப் பொலிஸுக்கே திரும்பி, மலபார் சிறப்புப் படையில் அதிகாரியாக இருந்து 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். திருச்சூரில் ஊர்க் குப்பை கொட்டும் இடமாக இருந்த லாலூரில் அவர் பெயரால் விளையாட்டரங்கு எழுந்திருக்கிறது.

‘அப்படியானால் ஒரு வேலை இருந்தால் போதும்’ என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. அவரோடு ஆடிய வி.பி. சத்யனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அணியின் தலைவராக இருந்தவர். சென்னையில் வங்கி வேலையும் இருந்தது. முழங்கால் காயம் மாறவில்லை, ஆட முடியாத கவலை மனதை அரித்தது. 2006 ஜூலையில் பல்லாவரத்தில் ரயில் முன் தன் உயிரை முடித்துக்கொண்டார். கால் வலிக்கு வைத்தியம் தேடும் நாம், மனவலியைச் ‘சோம்பல்’ என்றும் ‘யோசனை’ என்றும் சொல்லித் தள்ளிவிடுகிறோம். ஆட்டம் நின்றுபோன பிள்ளை வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், அவனைச் சும்மா விட்டுவிடாதீர்கள்.

‘மகனை விடுங்கள், என் மகளல்லவா பந்தும் கையுமாக நிற்கிறாள்!’ என்று சொல்லும் தாய்மாரும் இன்று இருக்கிறார்கள். அவர்களுக்கு நாடியா நதீமைச் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் 1988 இல் பிறந்தவர். இராணுவ அதிகாரியான வாப்பாவை 2000 இல் தலிபான்கள் கொன்றார்கள். உம்மா ஐந்து பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டென்மார்க்கில் தஞ்சம் புகுந்தார். அங்கேதான் நாடியா பந்தைத் தொட்டார். டென்மார்க் தேசிய அணியின் முன்கள வீராங்கனையானார். 2017 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் முதல் கோல் அவருடையது. ஆனால் கிண்ணம் நெதர்லாந்துக்குப் போனது. அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ் என்று ஆடித் திரிந்த காலம் முழுவதும் மருத்துவப் படிப்பை விடவில்லை. 2022 ஜனவரியில் டாக்டரானார். அதே ஆண்டு நவம்பரில் லொறி மோதி உம்மா மௌத்தானார். மகள் டாக்டரானதைக் கண்ணால் கண்டுவிட்டுப் போனார் என்பது ஒன்றுதான் ஆறுதல். பந்தும் புத்தகமும் ஒன்றுக்கொன்று சக்களத்தி அல்ல என்பதற்கு இவரைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் நாட்டு நிலைமை இந்தியாவைவிடச் சிறியது. 1995 இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இதே இந்தியாவை 1–0 என்று வென்ற நாடுதான் இலங்கை. ஆனால் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையையே தடைசெய்து, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. அந்த மாதங்களில் தேசிய அணிக்காகக் கனவு கண்ட பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். இங்கேயும் சம்பளத்தோடு ஆட வழியிருப்பது பெரும்பாலும் பொலிஸ், படைத்துறை அணிகளில்தான். வன்னிப் பிள்ளைக்கு அந்த வாசல் எத்தனை தூரம் திறந்திருக்கிறது, திறந்திருந்தாலும் அவன் வீட்டார் எந்த மனதோடு அனுப்புவார்கள் என்பதெல்லாம் அங்குள்ளவர்களுக்கே தெரியும்.

ஆகவே பிள்ளையைக் கழகத்துக்கோ முகாமுக்கோ கேட்டு யாராவது வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்துச் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க நேரம் கொடுப்பீர்களா? காலில் அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? சம்பளம் என்றால் மாதம் எவ்வளவு, எழுத்தில் தருவீர்களா? காயத்தோடு வீட்டில் கிடக்கும் மாதங்களிலும் அது வருமா? வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண் கேட்டு வந்தாலும் இவ்வளவும் விசாரிக்கிறோம்தானே!