பெருக்கல் குறியில் தொலையும் வழக்குகள்

திண்டிவனம் - விழுப்புரம் நான்குவழிச் சாலையில் உயிர் போன விபத்து எதுவானாலும், முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்...’ செத்தவரின் குடும்பம் அந்த வரியை நம்பித்தான் நீதிமன்றப் படியேறுகிறது. குறுக்கு விசாரணையில் முதலில் உடைவதும் அதுதான்.

அடிபட்டவரை 108 வண்டி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடும். போக்குவரத்து நிற்கக் கூடாதென்று லாரியைக் கிரேன் ஓரங்கட்டும். உடைந்த கண்ணாடியைப் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். இத்தனையும் ஆன பிறகுதான் பல வழக்குகளில் மாதிரி வரைபடம் தயாராகிறது. வெள்ளைத்தாளின் நடுவே தடுப்புச் சுவர், இரண்டு பக்கமும் சாலைக்குக் கோடு, மூலையில் திசைக்குறி, ஓரமாக ஒரு டீக்கடை, மோதிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பிரேக் பிடித்த டயர் தடம் எத்தனை மீட்டர், மோதிய பிறகு லாரி எவ்வளவு தூரம் போய் நின்றது, அந்த இடத்தில் விளக்கு எரிந்ததா என்பதற்கெல்லாம் அதில் பதில் இருக்காது. மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் சான்றும், இயந்திரக் கோளாறு இல்லை என்பதோடு முடிந்துவிடும்.

வருடங்கள் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறுவார் டீக்கடைக்காரர்.

“வண்டி என்ன வேகத்துல வந்துச்சு?”

“ரொம்ப வேகமாங்கய்யா.”

“மோதுனதைக் கண்ணால பாத்தீங்களா?”

“டீ ஆத்திக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.”

வழக்கு அங்கேயே முடிந்தது. கர்நாடக லாரி விபத்து வழக்கொன்றில் 1998-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வேகமாக வந்தது என்பதாலேயே அது அஜாக்கிரதை ஆகிவிடாது, எது வேகம் என்பதைச் சாட்சிகள் விளக்க வேண்டும். அந்த வழக்கில் மோட்டார் வாகன ஆய்வாளரைச் சாட்சியாகவே விசாரித்திருக்கவில்லை. ஓட்டுநர் விடுதலையானார்.

அஜாக்கிரதையால் உயிர் போக்கும் குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. வெறும் அபராதத்தோடும் விட்டுவிடலாம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) அதை 5 ஆண்டாக்கியிருக்கிறது. அபராதம் மட்டும் கட்டிவிட்டு இனிப் போக முடியாது. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுகிறவருக்கு 10 ஆண்டு என்ற 106(2), லாரி ஓட்டுநர்கள் போராடியதால் நடைமுறைக்கு வராமல் நிற்கிறது. ஊரை இரண்டாகக் கிழித்துச் சாலை போட்டவர்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் ஏன் என்று ஓட்டுநர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் நிரூபிக்க முடியாத வழக்கில் தண்டனை 2 ஆண்டாக இருந்தால் என்ன, 5 ஆண்டாக இருந்தால் என்ன? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்கிறது. 106(1)-க்கு 5 ஆண்டுதான். அதனால் கூட்டேரிப்பட்டில் சாலையைக் கடக்கும்போது அடிபட்டுச் செத்தவருக்காக அந்த நிபுணர் வரவேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். மழை பெய்தால் போய்விடும் தடம், வாகனம் ஏறினால் அழிந்துவிடும் தடம், வேறெந்தக் குற்றத்தை விடவும் இதில்தானே அதிகம்?

குடும்பத்துக்கும் இதில் பிடிப்பு விட்டுப்போகிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று காட்டினால் போதும். தமிழகத்தில் உயரழுத்த மின்கம்பியில் உரசிய பேருந்தின் ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையான பிறகும், இழப்பீடு செல்லும் என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பணத்தில்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும். அதனால் வக்கீலும் வீட்டாரும் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கைக் கூப்பிடும்போது அவர்கள் தரப்பில் ஒருவரும் இருப்பதில்லை.

சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிரேன் வருவதற்கு முன் டயர் தடத்தை நாடா பிடித்து அளந்து, அளவோடு படமெடுக்க ஒரு காவலர் போதும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரி எத்தனை மணிக்குக் கடந்தது என்ற பதிவையும், வண்டியின் ஜி.பி.எஸ். விவரத்தையும் அன்றைக்கே எழுத்துமூலம் கேட்டு வாங்கி வழக்குக் கட்டில் சேர்த்துவிட்டால், வேகத்தைச் சொல்லும் பாரம் டீக்கடைக்காரர் தலையில் விழாது.